சுரண்டிய தூசி எங்கே போச்சு?

டர்பன்டைன் வாசனை. போன வாரம் சூலூர் பக்கம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றைத் தாண்டும்போது குப்பென்று வந்து மூக்கில் ஏறியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். உள்ளே ஒருவர் கிளிப்பச்சை எனாமல் பூசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?”

என்ன சொல்வது? தொண்ணூறுகளில் ஒரு மார்கழி மாதத்தைப் பார்க்க வேண்டும் என்றால் விடுவாரா... “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாதவனாக அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போது கோவை ராஜவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் குடியிருந்தோம். நான், மனைவி சுமதி, ஒன்றரை வயது மகள் தேன்மொழி. பின்பகுதியில் வீட்டுக்காரம்மா. எங்களுக்கு அவர் ருக்குமணியக்கா. மில்லில் வேலை பார்த்த கணவர் காலமாகி, இரண்டு மகன்களும் வெளியூரில் இருக்க, அந்த வீட்டையே மூன்றாவது பிள்ளையாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லாம் ஒழுகும், முனகும். ஆனால் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது பாருங்கள்... மரச்சட்டம், இரும்புக் கம்பி, முழுக்கக் கிளிப்பச்சை. தேனுவுக்கு அதுதான் டிவி. ஜன்னல் திண்டில் உட்கார வைத்துத்தான் சுமதி பருப்புச் சோறு ஊட்டுவாள். மில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாக மணியடித்துப் போகும். பூக்காரம்மா, ஐஸ் வண்டி, ஒரு நொண்டி நாய். பல் முளைக்கிற வயசு. ஒரு வாய் சோறு, ஒரு கடி கம்பி! நாங்கள் சிரிப்போம். போட்டோகூட எடுத்து வைத்தோம்.

பொங்கல் நெருங்கியது. எங்கள் பக்கம் தெரியுமே — போகியன்று வாசலில் காப்புக் கட்டுவதற்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுகிற சட்டம் தேமல் விழுந்த மாதிரி உரிந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்? போதாததற்கு, மகள் நடக்க ஆரம்பித்தபின் வரும் முதல் பொங்கல். பெயிண்டரெல்லாம் எதற்கு, நானே செய்கிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டிவிட்டேன்.

தகடு, உப்புத்தாள், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பச்சையைச் சுரண்டினால் நீலம். நீலத்துக்குக் கீழே காவி. காவிக்கும் கீழே பால் மாதிரி ஒரு வெள்ளை. ஒவ்வொரு பொங்கலும் ஒரு தோலாக அந்த ஜன்னலில் ஒட்டியிருந்தது. நாற்பது வருஷத்தை விரலால் தடவிப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. தூசி பச்சை மாவாகப் பறந்தது, பாயில் படிந்தது, கொடியில் காய்ந்த குட்டிச் சட்டைகளில் உட்கார்ந்தது. தேனு கைதட்டினாள். தரையில் படிந்ததில் விரலால் கோலம் போட்டாள். கோலம் போட்ட விரலைச் சூப்பினாள்.

“ஏனுங்க, புள்ளையை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போங்க” என்று சுமதி சொன்னாள்.

“பெயிண்ட் அடிக்கறப்பதான் தூக்கோணும். இது வெறும் தூசிதானே” என்றேன். எவ்வளவு பெரிய விஞ்ஞானி!

பொங்கல் அமர்க்களமாக முடிந்தது. தை பாதியில் குழந்தை சுருண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. சோறு வேண்டாம். முகம் வெளுத்துவிட்டது. அதுவரை சொல்லிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோனது. பூச்சி மருந்து கொடுத்தோம். மிளகாய் சுற்றிப் போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தை டாக்டர் அவள் நகக் கண்ணைப் பார்த்தார். ஈறைப் பார்த்தார்.

“வீட்ல புதுசா ஏதாச்சும் வேலை நடந்துச்சுங்களா?”

“நானே ஜன்னலெல்லாம் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சேன் சார்” என்றேன். குரலில் பெருமை இருந்தது. இன்றும் கூசுகிறது.

“சுரண்டுன தூசி எங்கே போச்சு?”

பதில் சுமதியின் இடுப்பில் முனகிக்கொண்டிருந்தது.

பழைய பெயிண்ட்டில் காரீயம், அதாவது லெட் என்கிற விஷ உலோகம், இருக்கும் என்றார். சின்னக் குழந்தைக்குள் போனால் ரத்தத்தைக் குறைக்கும், மூளை வளர்கிற வேகத்திலேயே கை வைக்கும். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்புகிறாளா? அப்பாவைத் தெரிகிறதா?

முடிவில் காரீயம் இருந்தது. “கைமீறிப் போகலை. ஆனா அந்தத் தூசியில இருந்து குழந்தையை உடனே வெளியே எடுங்க” என்றார். ஈரம் செய்யாமல் சுரண்டியிருக்கக் கூடாதாம். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டுமாம். வேலை முடிகிறவரை பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாதாம். பழைய வீட்டில் இருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்பு என்றால் தேய்ப்பது, துடைப்பது, புதுசாக்குவது என்று நினைக்கிற ரகம் நாமெல்லாம். சும்மா விட்டுவைப்பதும் சில சமயம் அன்புதான் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொல்லப் போனேன். ருக்குமணியக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“என்ற ஊட்டு ஜன்னல்ல வெசமுங்களா? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானுங்க தம்பி ஊரே சோறாக்குது!”

“அது வெள்ளீயமுங்க அக்கா. இது வேற.”

“என்னமோ போங்க. அவரு இருந்தவரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அவரே பூசுவாருங்க. என்ற பசங்க ரெண்டு பேரும் அந்தக் கம்பியைக் கடிச்சுத்தான் வளந்தாங்க. பெரியவன் பேங்க்ல ஆபீசருங்க!”

சின்னவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நாலு நாள் அக்கா எங்களோடு பேசவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் அந்த ஜன்னல் முன்னால் தனியாக நின்று, பையன்கள் கடித்த கம்பியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் தேனு தேறிவிட்டாள். இன்று தினமும் போனில் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறாள். ஆனால் நான் பட்டறை வாசலில் நின்றது அவளை நினைத்தல்ல. அந்த வீட்டை விட்டு நாங்கள் கிளம்பிய காலையை நினைத்து.

டெம்போ சாமானோடு முன்னால் போய்விட்டது. ஆட்டோவில் சுமதியும் குழந்தையும். சாவியைக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டவர் கையை விடவில்லை.

“தம்பி... அந்த டாக்டரு, படிப்பு ஏறாதுன்னும் சொன்னாருங்களா?”

“சில பேருக்கு அப்படி ஆகலாம்னாருங்க.”

“சின்னவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில மூட்டை தூக்கறானுங்க. பள்ளிக்கோடத்துல எளுத்தே நிக்காது அவனுக்கு. கம்பியை விட்டு எறங்கவே மாட்டான், சப்பிக்கிட்டே கெடப்பான். வெளக்கமாத்துலயே போடுவேன். மக்கு, மக்குன்னு...”

“அதுதான் காரணம்னு இப்ப யாரும் சொல்ல முடியாதுங்க அக்கா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் எட்டிப் பார்த்த தேனுவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“காரணம் எதுவா இருந்தா என்னுங்க... கை நீட்டுனது நானுங்களே. ஞாயித்துக்கெளமை பஸ் ஏறி அவனைப் பாத்துப்போட்டு வாரேன். நீங்க போயிட்டு வாங்க.”