டாக்டர் பார்த்தது யாரை?

எட்டாவதுவரை படித்த நான் எழுத வந்ததற்கு மன்னியுங்கள்.

இரண்டு வருடமாக எனக்குக் காரணம் தெரியாத உடம்பெரிச்சல். புவனகிரிப் பக்கம் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து எழுதும் நோட்டை டாக்டர் மேசையில் அடுக்கிவிட்டுக் காத்திருப்போம். ஒருநாள் தலைசுற்றி வெளிப் பெஞ்சிலேயே படுத்துவிட்டேன். விழித்தபோது நர்ஸ் என் நோட்டையும் மாத்திரையையும் நீட்டினார்.

"நான் இன்னும் உள்ளயே போவலயே, சிஸ்டர்!"

"வெளையாடாதக்கா. டாக்டர் பாத்துட்டாரு. எரிச்சல் கொறஞ்சிருக்குன்னு எழுதியிருக்காரே."

ஜன்னல் வழியே பார்த்தேன். டாக்டர் குனிந்து அடுத்த நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எதிரே ஸ்டூலில் யாருமில்லை.

என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருடமும் அந்த ஸ்டூலில் நான் வாயே திறக்காமல்தானே உட்கார்ந்திருந்தேன்?

மறுநாள் நோட்டில்லாமல் போய், எரிச்சலைப் பற்றி முழுதாகச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து, "புதுசா வர்றீங்களாம்மா?" என்று கேட்டார்.