குழந்தைகளை வீட்டில் விட்டு வரவும்

போன மாதம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம். எங்கள் குடியிருப்பைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றப் போகிறார்களாம். சனிக்கிழமை காலை, பாடசாலை மண்டபத்தில் கலந்துரையாடல். கடைசி வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது: 'இடவசதி குறைவு. தயவுசெய்து குழந்தைகளை வீட்டில் விட்டு வரவும்.'

இரண்டு தரம் வாசித்தேன். ஜெர்மன் அலுவலகங்கள் பகிடிக்குக் கடிதம் எழுதுவதில்லை.

மனைவிக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. எட்டு வயது மகள் ஆரணியை எங்கே விடுவது? கையோடு கூட்டிப் போனேன். வாசலில் நின்ற பெண் அதிகாரி அவளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு பெரிய மனது பண்ணி, கடைசி வரிசையில் ஒரு கதிரை கொடுத்தார்.

ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். பூங்காவில் வைக்கப்போகும் மரக் கரடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ஊஞ்சல் கிரீச்சிட்டால் யாரிடம் முறையிடுவது? பிள்ளைகள் சத்தமில்லாமல் விளையாட வழி உண்டா என்று ஒரு முதியவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

என் பக்கத்தில் எங்கள் மேல்வீட்டுச் செல்வம் அண்ணை. அவரிடம் ஒரு பழைய வான் உண்டு. வருடத்தில் ஒரு நாள் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குச் சனத்தை ஏற்றிப் போகும். மற்ற நாளெல்லாம் எங்கள் வாசலில் தவம்.

திடீரென்று அதிகாரிக்கு ஒரு யோசனை. "குழந்தையிடமும் கேட்போமே! உனக்கு என்னம்மா வேண்டும்?"

மண்டபம் முழுக்கப் புன்னகை. சறுக்குமரம் என்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"மியா வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும்" என்றாள் ஆரணி.

மியா அவளுடைய சிநேகிதி. வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். இவள் உயரத்துக்கு வருகிற வாகனம் தெரியாது. ஓட்டி வருகிறவனுக்கும் இவள் தெரியாள். அதனால் ஒவ்வொரு தரமும் யாராவது கூட்டிப் போக வேண்டும்.

"சுலபம்!" என்று வரைபடத்தை விரித்தார் அதிகாரி. "பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பார்க்கிங் இடங்களை எடுத்துவிட்டு, கார் நிறுத்த முடியாதபடி கட்டை நட்டால் போதும்."

புன்னகைகள் அணைந்தன.

செல்வம் அண்ணை என் காதில் சொன்னார்: "தம்பி, வடிவாப் பாரும். ஒண்டு உம்மட கார் நிக்கிற இடம். மற்றது என்ர வான்."

வாக்கெடுப்பு. முதலில் கை உயர்த்தியது நான்தான் என்று எழுத ஆசை... ஆனால் உண்மை வேறு. வேறு யார் உயர்த்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் குழந்தைகளுக்கு ஏற்றதாக வேண்டும் என்று, நான் எழுதும் இதே பத்திரிகைப் பத்தியில் எத்தனை தரம் உருகியிருப்பேன்!

ஆரணி எழும்பி வந்தாள். "அப்பா, நான் கை உயர்த்தினனான். சின்னப் பிள்ளையளின்ர கை கணக்கில்லையாம்."

அதன் பிறகுதான் என் கை உயர்ந்தது. வெட்கம் தூக்கிய கை அது.

செல்வம் அண்ணை என்னை முறைத்தார். அவளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "என்ன செய்யிறது... பிள்ளை பாக்குது" என்று தன் கையையும் தூக்கினார்.

இரண்டு கைகள் வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

இந்தத் திங்கட்கிழமை கட்டை நட்டுவிட்டுப் போனார்கள். நேற்றுப் பின்னேரம் ஆரணி சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "அப்பா, போயிட்டு வாறன்" என்றாள். நானும் மனைவியும் ஜன்னலில். இடது பார்த்தாள், வலது பார்த்தாள், மறுபடி இடது. கடந்தாள். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்ன, கண் கலங்குதோ?" என்றாள் மனைவி.

"சும்மா இரும்" என்றேன்.

தெருவின் அகலம் பத்து மீட்டர் இருக்கும். கடக்க எங்களுக்கு எட்டு வருடம் பிடித்தது.