மூன்று மணி நேரத்தில் வர வேண்டிய மகன்

தாராவியில் நாங்கள் குடியிருந்த 'சால்' என்ற ஒற்றை அறை வரிசைக் கட்டடத்தில் அடுத்த அறையில் இருந்த வெயிலுமுத்துவுக்குச் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை. பம்பாயிலிருந்து மெட்ராஸ் அறுநூற்றுச் சொச்சம் மைல், விமானம் மூன்று மணி நேரத்தில் போய்விடும் என்று ஒருமுறை ஊரில் அவன் சொன்னது உண்மைதான். அதைக் கேட்ட அவன் தாய்மாமன் பிச்சையாவுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தால், நான் இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுத வேண்டியிருக்காது. ரயில்வேக்காரனுக்கு ரயிலில் பாஸ் உண்டு. அதனால் விமானத்தில் வேலை பார்ப்பவனுக்கும் பாஸ் உண்டு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

அறுபத்து நாலில் தந்தி வந்தது. அம்மா பேராச்சி சாகக் கிடக்கிறாள், உடனே வா. வெயிலுமுத்து ஒரே மகன். உயிர் பிரியுமுன் பெற்றவள் வாயில் அவன் கையால் பால் விட வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அதுதான் முறை.

மூட்டையோடு மூட்டையாகத் தன்னையும் மெட்ராசுக்கு ஏற்றிவிடும்படி சூப்பர்வைசரிடம் தெரிந்த இந்தியில் கெஞ்சினான்.

"பாகல் ஹை க்யா?" பைத்தியமா உனக்கு என்று சிரித்தானாம் அந்த ஆள்.

டிக்கெட் வாங்குவதென்றால் பல மாதச் சம்பளம் வேண்டும். எத்தனை ஆயிரம் பெட்டிகளை அந்த விமானங்களின் வயிற்றுக்குள் அடைத்திருப்பான்! அவன் ஒருவனுக்கு உட்கார இடமில்லை.

நானும் ஊர்க்காரன்தான், துணைக்குப் போனேன். மெட்ராஸ் வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து திருநெல்வேலிக்கு வேறொரு ரயில், பிறகு பஸ். கக்கூஸ் ஓரத்தில் குந்தியபடி, ரயில் நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனையும் வாய்க்கு வந்தபடி திட்டினான். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

பிச்சையா வாசலிலேயே மறித்தார். "இப்பந்தான் வாறியால? பிளேன்ல மூணு மணி நேரம்னு நீதானல சொன்னே?"

"ரயில்ல வாரேன் மாமா."

"ஏன், பாஸ் தரலியோ?"

"மூட்டை தூக்குறவனுக்கு எவன் மாமா பாஸ் குடுப்பான்?"

பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள்தான் அழுதுகொண்டே சொன்னாள்:

"எய்யா, நாங்க பாலைக் கொண்டுட்டுப் போனோம். இந்தா வந்துருவான், இந்தா வந்துருவான்னு ஒங்க மாமா அவ காதுல சொல்லிக்கிட்டே இருந்தாரு. எம்புள்ள பிளேன்ல வாரான், அவன்தான் ஊத்தணும்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டா. ரெண்டு நாளு தண்ணிகூட வாங்கல. தொண்டை காஞ்சே போயிட்டாய்யா."

வெயிலுமுத்து மாமன் மேல் பாய்ந்து மண்ணில் தள்ளினான். விலக்கிவிடச் சொல்லி எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் விலக்கவில்லை.