சமையல்கட்டுக்கு நடுவே ஒரு கோடு

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை ஊரே வேன்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. ஏறுகிற பிள்ளைகளும் அப்படித்தான், அவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான். கோபம் வந்தால் அவள் புருஷன்கூட, "இங்க பாரு வேன்காரம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பேக்கரி மாஸ்டர். ஊர் எழுந்திருக்கும் முன்னால் மாவு பிசையப் போய்விட்டு, ஊர் வேலைக்குக் கிளம்பும்போது தூங்க வருகிற மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அவர் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் அந்தக் குறை வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் தண்ணீர் வராது, இன்னொன்றில் வீட்டுக்காரர் வந்துகொண்டே இருப்பார். எந்த வீட்டிலும் வேனை நிறுத்த இடம் கிடையாது. தெருவில் நிறுத்திவிட்டுக் காலையில் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே அவள் முதல் வேலை. "சாகுறதுக்குள்ள என் வண்டி என் வாசலுக்குள்ள நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, டவுனை ஒட்டிய பழைய கிராமத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் வந்து சொன்னார்.

தரகருக்கு 'முடிஞ்சுது' என்று பட்டப்பேர். எதைக் கேட்டாலும் "முடிஞ்சுதுக்கா" என்பார். அவர் அப்படிச் சொன்னால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

பழைய கிராமம் என்றால் நிஜமாகவே பழைய கிராமம். தெரு ஒன்றுகூட நேராக இல்லை. முதலில் வீடுகளைக் கட்டிவிட்டு, மிச்சம் கிடந்த இடத்தில் தெரு போட்ட மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்குத் தடித்த கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு முற்றம். வேன் தாராளமாக நிற்கும். பின்னால் சமையல்கட்டு. உள்ளே நுழைந்ததுமே வேன்காரம்மா அதில் மயங்கிப்போனாள். இரண்டு பக்கமும் ஜன்னல், நான்கு பேர் கை வீசி வேலை செய்யலாம் போல இடம். மாஸ்டர் கல் மேடையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, "மாவு பிசைய நல்லா இருக்கும்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு.

வீட்டை விற்பவர் ஓய்வு பெற்ற டீச்சர். புருஷன் காலமாகிவிட்டார், மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அந்தச் சமையல்கட்டைப் புருஷனே பக்கத்தில் நின்று கட்டினார் என்று இரண்டு தடவை சொன்னார். பக்கத்து வீட்டில் வெல்டிங் பட்டறை. இரண்டுக்கும் நடுவே செங்கல் சுவர். வெல்டரைப் பற்றிக் கேட்டதும் டீச்சர் முகம் சுருங்கியது.

"அந்த ஆளோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வேலியை எடுத்துட்டுச் சுவர் கட்டும்போது ஒரு முழம் எங்க பக்கம் தள்ளிக் கட்டிட்டான். எங்க வீட்டுக்காரர் தெருவுலயே நின்னு கேட்டாரு. அன்னையோட சரி."

வேன்காரம்மா உடனே சொன்னாள்: "அப்போ அளந்து பாத்துட்டுத்தான் வாங்கணும்."

தரகர் பதறிவிட்டார். "அக்கா, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. இத்தனை வருஷமா எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. அளந்தா கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும்."

"பூதம் இருந்தா நான் வாங்குறதுக்கு முன்னாடியே கிளம்பட்டும். அப்புறம் கிளம்பினா நானில்ல குடித்தனம் பண்ணணும் அதோட?"

டீச்சருக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் அவர் முகம் தெளிந்தது. தன் புருஷன் சொன்னது சரிதான் என்று ஒருவர் கருவி வைத்துச் சொல்லட்டுமே என்று நினைத்திருப்பார்.

ஒரு விடுமுறை நாளில் சர்வேயர் வந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். முக்காலியும் கருவியும் பழைய வரைபடத்தின் நகலுமாக வண்டியிலிருந்து இறங்கியவர், பட்டறை வாசலில் கிடந்த நாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தூங்குது சார்" என்றாள் வேன்காரம்மா.

"தூங்குற மாதிரி இருக்கும்மா. நான் நிறைய பாத்திருக்கேன்."

முக்காலியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு அவர் அந்த இடத்தைக் கடந்தார். நாய் ஒரு காதை அசைத்தது. மற்றபடி வேலையில் அவர் புலி. தெருமுனையில் குப்பைக்கும் புல்லுக்கும் அடியில் புதைந்திருந்த எல்லைக் கல்லைக் கடப்பாரையால் கிளறி எடுத்தார். பின்பக்கம் இன்னொன்று. கண்ணாடி பொருத்திய கம்பை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது மாஸ்டர் முன்வந்தார். ராத்திரி வேலை பார்த்த அசதி. பிடித்த கம்பிலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். "சார், கம்பு சாயுது!" என்று சர்வேயர் கத்த, "வெந்துடுச்சா?" என்று மாஸ்டர் விழித்தார்.

செங்கல் சுவரை முழுக்கப் பார்த்துவிட்டுச் சர்வேயர் டீச்சரிடம் சொன்னார்: "சுவர் சரியா இருக்கும்மா. சொல்லப்போனா அவர் இடத்துக்குள்ளேயே கொஞ்சம் தள்ளித்தான் கட்டியிருக்கார்."

டீச்சர் சுவரையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா பின்னாடி, சுவர் முடிஞ்ச இடத்துக்கு அப்புறம்..." என்று இழுத்த சர்வேயர் சமையல்கட்டுக்குள் வந்தார். மாவு டப்பாக்களை நகர்த்தச் சொன்னார். வெளியே ஒரு குறி, உள்ளே ஒரு குறி என்று பார்த்து, கடைசியில் குனிந்து தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அடுப்பு மேடைக்கும் தொட்டிக்கும் நடுவே, கதவோரத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் போயிற்று அது.

"இதுக்கு அந்தப் பக்கம் பூரா பக்கத்து வீட்டு நிலம்மா."

வேன்காரம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றாள். "அப்போ சமைக்கிறது எங்க வீட்டுல, பாத்திரம் கழுவுறது வெல்டர் வீட்டுலயா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு போய்விட்டது.

"இன்னொரு தடவை அளங்க" என்றார் டீச்சர்.

சர்வேயர் முகம் சுளிக்காமல் திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். கோடு நகரவில்லை. டீச்சர் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, புருஷன் கட்டிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரு முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, கரி படிந்த கை. சர்வேயர் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சர்வேயர் சொன்னார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எனக்குக் காது மந்தம்." சர்வேயர், நாய் எழுந்துவிடுமோ என்று ஒரு கண் வைத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வெல்டருக்குக் காது மந்தம் என்பது அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"நல்லது" என்றார் அவர். "சமையல்கட்டை இடிச்சிருங்க." திரும்பி உள்ளே போய்விட்டார்.

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் அவருக்குப் பொருத்தமாக வந்தது: "முடிஞ்சுதுக்கா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாஸ்டர் மெல்ல, "வேற வீடு பாப்போமா?" என்றார்.

"ஏன், இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"பாதிச் சமையல்கட்டு குறைச்சல்."

"அது இப்பத்தான தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச வியாதிக்கு மருந்து இருக்குங்க. தெரியாம வாங்கியிருந்தா அப்பத்தான் அழணும்." சொல்லிவிட்டு கியரை மாற்றினாள். மருந்து என்ன என்று அவளுக்கும் அப்போது தெரியாதுதான். ஆனால் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு வரும்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகவே வந்தாள். ஒருநாள் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. இரும்பு ஏற்றி வந்த லாரி குறுக்கே நின்றது. பட்டறை வாசலுக்குள் திரும்ப முடியாமல் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், கடைசியில் டிரைவர் கையை விரித்துவிட்டார். ஆட்கள் கம்பிகளைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். வெல்டரும் ஒரு பக்கம் பிடித்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

வேன்காரம்மா இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வாசலைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சந்து பொந்தெல்லாம் வண்டி ஓட்டியவளுக்கு இடைஞ்சல் எங்கே என்று கேட்கவா வேண்டும்? செங்கல் சுவர் தெருவைத் தொடும் மூலை. அது மட்டும் சாய்வாக வெட்டுப்பட்டால் லாரி ஒரே வளைப்பில் உள்ளே போய்விடும். மூலைக்கு இந்தப் பக்கம் டீச்சர் வீட்டு முற்றம். அங்கே புல்தான் முளைத்திருந்தது.

"அண்ணே, எப்பவுமே இப்படித்தானா?"

"பின்ன, வேண்டுதலுக்கா சுமக்கிறோம்?"

"அந்த மூலையை வெட்டிட்டா லாரி உள்ள வந்துடும்ல?"

வெல்டர் கம்பியைக் கீழே வைத்தார். "அது டீச்சர் மூலை."

"இப்ப டீச்சரோடது. நான் வாங்கினா என்னோடது. மூலையை நான் உங்களுக்கு விடுறேன். சமையல்கட்டு நிக்கிற இடத்தை நீங்க எனக்கு விடுங்க. வாய்ப்பேச்சு வேணாம், பத்திரம் போட்டே மாத்திக்குவோம். நாளைக்கு உங்க பேரனும் என் பேத்தியும் தெருவுல நின்னு கத்த வேணாம் பாருங்க."

வெல்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"என் பொண்ணு அந்த டீச்சர் கிளாஸ்லதான் படிச்சா" என்றார். "அந்த மனுஷன் தெருவுல கத்தினாரே, அன்னைக்குச் சாயங்காலம் வந்து கேட்டா. 'அப்பா, நீ இடத்தைத் திருடினியா'ன்னு. இல்லடான்னு சொன்னேன். நம்பினாளா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா."

வேன்காரம்மா இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். "அதைச் சரி பண்ண எனக்கு வழி தெரியலண்ணே" என்றாள். "அளந்து வச்சிருக்கேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

வெல்டர் கம்பியை மறுபடி தூக்கினார். "சர்வேயரை விட்டு வரைஞ்சு எடுத்துட்டு வாங்க. பாப்போம்."

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. சர்வேயர் வந்து மூலையைக் குறித்தார், சமையல்கட்டைச் சுற்றிக் குறித்தார். இரண்டும் ஏறக்குறைய ஈடாகத்தான் இருந்தன. டீச்சரும் ஒத்துக்கொண்டார். மாற்றுப் பத்திரம் முதலில், கிரயம் அப்புறம் என்று வேன்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்கு டீச்சரும் வெல்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் டீச்சர், மறு கோடியில் வெல்டர். நடுவில் வேன்காரம்மாவும் மாஸ்டரும். அழைப்பு வர நேரமாயிற்று. வேன்காரம்மா ஏதாவது பேசலாமா என்று வாயெடுத்தாள். மாஸ்டர் அவள் கையை மெல்ல அழுத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சர்தான் பேசினார், எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே. "தம்பி, உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

வெல்டர் திடுக்கிட்டார். "கட்டிக்குடுத்தாச்சு டீச்சர். வெளியூர்ல இருக்கா. ரெண்டு பிள்ளைங்க."

"என் கிளாஸ்ல ரெண்டாவது வரிசையில உக்காருவா. நல்லாப் படிக்கிற பிள்ளை. அந்தச் சண்டைக்கப்புறம் என் முகத்தை நிமிர்ந்தே பாக்க மாட்டா. எனக்கும் கூப்பிட்டுப் பேசத் தோணல." வெல்டர் பக்கம் திரும்பினார். "அவகிட்டச் சொல்லுங்க. அளந்து பாத்தாச்சு, அப்பா மேல ஒரு தப்பும் இல்லேன்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

வெல்டர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். பிறகு எழுந்து வாசல் பக்கம் போய், போனை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளே இருந்து அழைத்தபோது அவரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே அவர் காதில் விழவில்லை.

மூலைச் சுவரை வெல்டர் தன் கையாலேயே இடித்தார். புதுச் சுவரைச் சாய்வாகக் கட்டி முடித்த வாரமே வேன்காரம்மா குடிவந்தாள். டீச்சர் போவதற்கு முன்னால் சமையல்கட்டை ஒரு தடவை பெருக்கிவிட்டு, சாவியை அவள் கையில் வைத்தார்.

முதல் மழை அடித்துப் பெய்தபோது கூடத்தின் நடுவே தண்ணீர் சொட்டியது. மாஸ்டர் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார். "இதை அளக்கலையா அந்த ஆளு?" என்றார்.

வேன்காரம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ச் சுவருக்கு மேலே எக்கி, "அண்ணே! நீளமா ஒரு ஏணி இருக்கா?" என்று கத்தினாள்.

"எத்தனை ஓடு போச்சு?" என்று மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குள் ஏணி சுவர் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது.