மூன்றாவது வார்த்தை

என் மனைவி நாகலக்ஷ்மிக்கு இங்கிலீஷ் வினைச்சொற்கள் தலைகீழ்ப் பாடம். கோ, வென்ட், கான். கம், கேம், கம். இட்லிக்கு அரைத்துக்கொண்டே சொல்லுவாள். குழவியைச் சுற்றுவது நிற்கும்போது வாயும் நிற்கும். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் இலக்கணப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரிப் படுத்துக்கொண்டு படித்தவள் அவள் ஒருத்திதான். நான் ரயில்வே குமாஸ்தா. இங்கிலீஷ் எனக்கு வயிற்றுப்பாடு, அவளுக்கு ஆசை.

அந்த ஆசைதான் அறுபத்து நாலில் அவளை வேலைக்குக் கொண்டுபோய்விட்டது. கோட்டைப் பக்கம் ஒரு பம்பு செட் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஆறு மாதம் ட்ரையல், பிறகுதான் நிரந்தரம். முதல் வாரமே, "ஏன்னா, அந்த போர்டு முன்னாடி உக்காந்தா பம்பாயே என் கையில இருக்கற மாதிரி இருக்கு. இந்த வேலை எனக்கு நிலைக்கணும்" என்றாள். கல்யாணமான நாளாக அவள் தனக்கென்று எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வம்பு வந்தது 'கான்' என்ற மூன்றாவது வார்த்தையால்.

முதலாளி சோராப்ஜி பார்சிக்காரர். பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். யாராவது போன் பண்ணி "சோராப்ஜி இருக்கிறாரா?" என்று கேட்டால், "ஹீ ஹாஸ் கான் டு பூனா" என்று சொல்ல வேண்டும். இவளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு மனுஷனைப் பற்றி 'போயிட்டார்' என்பதா? எங்கள் வீட்டில் நான் மறந்துபோய் "போறேன்" என்று செருப்பை மாட்டினாலே, திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அப்படிப்பட்டவள் சம்பளம் கொடுக்கிறவரைப் பற்றி எப்படிச் சொல்வாள்? அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் "ஹீ வில் கம், சார்" என்று சொல்லிவைத்தாள். அவர்களும் பாவம், இதோ வந்துவிடுவார் என்று போனைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

சோராப்ஜி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: போனால் போனார் என்று சொல்லத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ட்ரையல் முடிந்ததும் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று. அன்றைக்கு அவள் முகம் வாடி வந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"வெறும் வெர்புடீ அது. பாஸ்ட் பார்ட்டிசிபிள். அதுக்கு ராகுகாலம் எமகண்டம் எல்லாம் உண்டா?"

"உங்களுக்கு வெர்பு. எனக்கு வாய் வரலை, என்ன பண்ணச் சொல்றேள்?"

இரண்டு நாள் புத்தகத்தைக் குடைந்தாள். மூன்றாம் நாள் அடுக்களையிலிருந்து கூவிக்கொண்டே ஓடி வந்தாள். "ஏன்னா, இங்க பாருங்கோ! ஹாஸ் கான்னா போனவர் இன்னும் திரும்பலை. ஹாஸ் பீன்னா போயிட்டுத் திரும்பியாச்சு. போயிட்டு வரதுக்குன்னே வெள்ளைக்காரன் தனியா ஒண்ணு வெச்சிருக்கான்!"

"திரும்பி வந்தப்பறம்தான் அதைச் சொல்லணும்" என்றேன்.

"அவர் எப்படியும் வரத்தானே போறார்? கொஞ்சம் முன்கூட்டியே சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

குறைந்துதான் போயிற்று. மறுநாள் தாணாவிலிருந்து பெரிய வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஹீ ஹாஸ் பீன் டு பூனா, சார்" என்று இவள் தேனாகச் சொன்னாள். சரி, ஆள் திரும்பிவிட்டார் என்று அவர் ரயிலேறி வந்து, காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுக் குதித்தார். சோராப்ஜி வந்ததும் விஷயம் அவர் காதுக்குப் போனது. நாகலக்ஷ்மியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

வேலை போனது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருக்கிறாள். அதனாலேயே தைரியம் வந்துவிட்டது போல. "சார், ரூல் எனக்கு நன்றாகத் தெரியும்" என்று இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கிறாள். "ஆனால் எங்கள் வீட்டில் யாரும் போவதில்லை. எல்லாரும் போய்விட்டு வருகிறார்கள். உங்களை மட்டும் நான் எப்படிப் போகவிடுவேன்?"

அந்தச் சமயம் மராத்திக்காரப் பியூன் சாவந்த் டீ கொண்டுவந்தான். "சாவந்த், காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்ப பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுவே?" என்று சோராப்ஜி அவனிடம் ஹிந்தியில் கேட்டார்.

"யேதோ, சாப்."

யேதோ என்றால் வருகிறேன். போகிறவன் சொல்கிற வார்த்தை அது! சோராப்ஜி சிரிக்க ஆரம்பித்தார். அவர் வீட்டில் குஜராத்தி. அவருடைய அம்மா வாசலில் நின்றுகொண்டு எல்லாரையும் "ஆவ்ஜோ" என்றுதான் அனுப்புவாளாம். அதற்கும் வாருங்கள் என்றுதான் அர்த்தம். பம்பாயில் யாருமே போவதில்லை. இத்தனை வருஷமாக அது தனக்கு உறைக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"நாளையிலிருந்து இப்படிச் சொல். ஹீ இஸ் அவுட். ஹீ வில் பி பேக் ஆன் ஃப்ரைடே. யாரும் காத்திருக்கவும் வேண்டாம், நான் போகவும் வேண்டாம்."

இலக்கணத்தில் ஒரு பிசகு இல்லை. 'கான்' கிட்டேயே வரவில்லை. ட்ரையல் முடியும் முன்பே வேலையை நிரந்தரம் செய்துவிட்டார். அடுத்த தடவை பூனாவுக்குக் கிளம்பியபோது போர்டுப் பக்கம் வந்து நின்று, "ஆவ்ஜோ, நாகலக்ஷ்மி" என்றாராம். அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்சம் பெருமையும்.

மறுநாள் காலை அவளைச் சீண்டலாம் என்று எனக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு, "ஐ ஆம் கோயிங்" என்றேன்.

"உள்ள வாங்கோ."

"லோக்கல் வந்துடும்டீ."

"வரட்டும். உக்காந்து தண்ணி குடிங்கோ. சரியாச் சொல்லுங்கோ."

உட்கார்ந்தேன், குடித்தேன், "போயிட்டு வரேன்" என்று சொன்னேன். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கிங்ஸ் சர்க்கிள் பாலத்தின் மேல் ரயில் போவது தெரியும். அவள் அங்கே போய் எட்டிப் பார்த்தாள். நான் ஏற வேண்டிய லோக்கல் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி என்னைப் பார்த்து, முதல் தடவையாக, துளித் தயக்கமில்லாமல் சொன்னாள்: "இட் ஹாஸ் கான்."