ஐயையோ அண்ணனும் இருபது பெட்டிகளும்

முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, நேற்று பஸ்ஸில் தன் காலை மிதித்த ஆளை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறார். "மிதிச்சதுமில்லாம என்னையே முறைக்கிறான். நான் விடுவேனா? கிட்டப் போயி என்ன சொன்னேன் தெரியுமா..." என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாமலே போகிறது. பெட்டியின் மூடி படாரென்று திறக்க, சிவப்பு மூக்குக் கோமாளி ஒன்று ஸ்பிரிங்கின் மேல் எழும்பித் தலையாட்டுகிறது. "ஐயையோ!" என்று முக்காலியோடு அரையடி பின்னால் போகிறார். கோமாளியைப் பார்த்துச் சிரிக்கிறார். "திருட்டுப் பயலே" என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே அமுக்கி மூடிவிட்டு, அடுத்த பெட்டியை எடுக்கிறார். கதையில் பஸ்காரன் மறுபடி காலை மிதிக்கிறான்.

பொம்மைத் தொழிற்சாலையில் இவருக்கு வேலையே இதுதான். துள்ளுப் பெட்டி ஒழுங்காகத் துள்ளுகிறதா என்று பார்ப்பது. பதினேழு வருஷமாகப் பார்க்கிறார். அடையாள அட்டையில் பரிசோதகர் என்று போட்டிருக்கிறது. ஆட்கள் கூப்பிடுவது ஐயையோ அண்ணன். பெரிய "ஐயையோ" வந்தால் பெட்டி முதல் தரம். "அட!" என்றால் இரண்டாம் தரம். வெறும் "உம்" என்றால் அது ஸ்பிரிங் மேஸ்திரியின் மேஜைக்கே திரும்பிப் போகும். பேக்கிங் பெண்கள் தலை நிமிர்வதே இல்லை. காதை மட்டும் இவர் பக்கம் விட்டுவைத்திருப்பார்கள்.

திறக்கும் என்று தெரிந்த பெட்டிக்கு ஒரு மனுஷன் நாளைக்கு முந்நூறு தடவை எப்படித் திடுக்கிடுவான்? நடிப்பு என்று நினைத்தால் தப்பு. அவரையே கேட்டால் சொல்வார்: "எதிர்பாத்தா வராதுங்க. ஒண்ணையும் எதிர்பாக்காம மரமாட்டம் உக்காந்திருந்தாலும் வராது. மனசு வேற எதையோ எதிர்பாத்து வாசல்ல நிக்கணும். அப்பத்தான் இது கொல்லப்பக்கமா வந்து முதுகுல தட்டும்." படித்தவர்கள் இதற்குத் தடிப் புத்தகம் எழுதியிருப்பார்கள். இவர் பேச்சோடு பேச்சாக முடித்துவிடுவார். அந்தப் பஸ்காரன், ஒழுகும் குழாய், கல்யாண வீட்டில் சித்தப்பா போட்ட சண்டை எல்லாம் இதற்காகத்தான். ஏதாவது ஒரு கதை பாதியில் இருக்கும்போதுதான் கைப்பிடி சுற்றும். பதினேழு வருஷத்தில் அங்கே ஒரு கதையும் முடிந்ததில்லை.

வெளியிலும் ஆள் அப்படித்தான். ஏழு தடவை பார்த்த படத்தில், கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் தொடை இவர் கையில் இருக்கும். சிக்னலில் பச்சை விழுந்தால் "அட!" வீட்டில் குக்கர் வைத்தால் மனைவி முன்கூட்டியே குரல் கொடுப்பார்: "ரெண்டாவது விசில் வருது, எதையாவது பிடிச்சுக்கங்க!" அந்த அம்மாள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். மண்டையில் கோடாலியோடு ஒருவன் வந்து நின்றாலும் "அப்படியா, உக்காருங்க" என்பார்.

போன திங்கட்கிழமை பெட்டி திறந்தது. கோமாளி வந்தது. இவர் அதைப் பார்த்தார், அது இவரைப் பார்த்தது. "உம்" என்றார்.

பேக்கிங் பெண்கள் நிமிர்ந்தார்கள். முந்தைய நாள்தான் மனைவி வாங்கிக்கொடுத்த புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்ததைச் சுற்றினார். "உம்." அதற்கடுத்ததும் "உம்." மத்தியானத்துக்குள் ஸ்பிரிங் மேஜையில் பெட்டிகள் ஆள் உயரத்துக்குத் திரும்பி வந்துவிட்டன.

"யோவ், என் ஸ்பிரிங்குல என்னய்யா குத்தம் கண்ட?" என்று மேஸ்திரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"உன் ஸ்பிரிங்கு ஜோராத்தான் இருக்கு. எனக்குள்ள இருந்ததுதான் இத்துப்போச்சு."

பேக்கிங் அக்கா பின்னால் வந்து தகரத்தை ஓங்கி அடித்துப் பார்த்தார். "சன்னல்ல உன் நிழலு தெரியுதும்மா" என்றார் இவர். சாப்பாட்டு டப்பாவுக்குள் ரப்பர் பல்லியைப் போட்டு வைத்தார்கள். "வால்ல விலைச் சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க. எடுத்துடுங்க, சாப்பிடணும்."

சூப்பர்வைசர் மேடம் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அண்ணே, நாளைக்கு என்ஜினீயர் பெட்டி சோதிக்கிற மெஷின் ஒண்ணு கொண்டுவர்றாரு. முதலாளி முன்னாடி இருபது பெட்டி. அது ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். சரிப்படலன்னா நீங்க லேபிள் மேஜைக்குப் போயிடுங்க. அதே சம்பளம்தான்."

லேபிள் மேஜையில் லேபிளை உரிக்க வேண்டும், ஒட்ட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பதினொரு வருஷமாக ஒன்றும் நடந்ததில்லை.

சாயங்காலம் ஐயையோ அண்ணன் வீட்டு அடுப்படியில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தார். "இனிமே எனக்கு எதைப் பாத்தாலும் பழசாத்தான் தெரியுமாடி?"

"அப்படியா" என்று மனைவி நாடியைப் பிடித்துப் பார்த்தார். "நாடி நல்லாத்தானே ஓடுது?"

"என்னத்த ஓடுது. அதோ பாரு, குக்கர் வெயிட்டு நடுங்குது. இப்ப அடிக்கும்." அடித்தது. இவர் அசையவில்லை. "பெட்டியும் இதே கததான். கொக்கி மயிரிழை அசையுது. சரி, வரப்போறான்னு தெரிஞ்சுபோயிடுது."

அம்மாள் வந்து அவர் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவினார். "இப்ப வெயிட்டு ஆடுதா?"

"எங்க ஆடுது? ஏதோ புகை மாதிரி இருக்கு. அத விடு, அந்த லேபிள் மேஜைக்காரன் ஒருநாள் என்கிட்ட வந்து..."

விசில். "ஐயையோ!" என்று எழுந்தவர் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"பேப்பர் படிக்கறதுக்குன்னு வாங்கினது. அத மாட்டிக்கிட்டு வேலைக்கு யாரு போகச் சொன்னது?"

"ஏய், இன்னொரு விசில் விடு! இன்னொண்ணே ஒண்ணு!" என்று அடுப்படியைச் சுற்றி ஆடினார். எட்டு விசில் விட்டார்கள். உருளைக்கிழங்கு கூழாகிவிட்டது. வழித்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மெஷின் வந்தது. பெட்டியில் ஒரு கம்பியைக் கவ்வவிட்டால், ஸ்பிரிங் என்ன வேகத்தில் உதைக்கிறது என்று முள் காட்டும். உதை சரி என்றால் பச்சை பல்பு எரியும். முதலாளி நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். ஐயையோ அண்ணன் வெறும் கண்ணோடு கைப்பிடியைப் பிடித்து, மாமியார் கதையை ஆரம்பித்தார்.

"ஐயையோ!" பச்சை. "ஐயையோ!" பச்சை. பேக்கிங் பெண்கள் கை தட்டினார்கள். ஏழாவது பெட்டிக்கு முதலாளியே துள்ளினார். "பெட்டி கூடப் பரவாயில்லய்யா, நீ போடற சத்தத்துலதான் எனக்குத் தூக்கிவாரிப் போடுது!"

பத்தொன்பது பெட்டி முடிந்தது. இவர் பத்தொன்பது, அது பத்தொன்பது. என்ஜினீயர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். ஆனா இது கத்தாது, லீவு கேக்காது." முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். மேடத்தின் கண் லேபிள் மேஜைப் பக்கம் போய் வந்தது.

ஐயையோ அண்ணன் இதையும் கேட்டார். ஆனாலும் இருபதாவது பெட்டியை எடுத்து, கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்தார். "ஊருக்குப் போறேன்னு எங்க மாமியார் மூட்டையத் தூக்கிட்டாங்க. வாசல் வரைக்கும் போயிட்டாங்க. எனக்குன்னா ஒரே சந்தோஷம். அங்க போயி திரும்பி நின்னு..."

படார். ஸ்பிரிங் துள்ளி எழுந்தது. அதன் மேல் கோமாளி இல்லை. வெறும் கம்பிச் சுருள் மொட்டையாக நின்று ஆடிக்கொண்டிருந்தது.

பச்சை பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஐயையோ! ஆளு எங்கய்யா?" முக்காலி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் விழுந்தார். தொழிற்சாலையே சிரிப்பில் அலறியது. மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். நேற்றைய கோபத்தில், திரும்பி வந்த பெட்டிகளுக்கெல்லாம் புது ஸ்பிரிங் மாட்டியவர், இதற்குக் கோமாளியை மாட்ட மறந்திருக்கிறார். என்ஜினீயர் பல்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது பச்சையாகவே எரிந்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "தம்பி... தம்பி... அந்த மெஷின் கம்பியச் சுருட்டி எடுத்துக்கிட்டு நீங்க கிளம்புங்க" என்றார்.

அண்ணன் தரையிலிருந்து எழுந்து பெட்டிக்கு அருகில் போனார். மொட்டை ஸ்பிரிங் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "பாவம்யா இது" என்றவர், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போர்த்தி, ரெண்டு கையாலும் மெல்ல அமுக்கி, வலிக்காமல் மூடினார்.