இரண்டு படி கீழே

மணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பார். அடித்த கையோடு இரண்டு படி கீழே இறங்கி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். திறந்ததும் வீட்டுக்குள் கண்ணை ஓட்டுகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். கதவு திறந்த பிறகு திரும்பி, "உள்ள வரலாமா? தொந்தரவு இல்லையே?" என்பார். கையிலிருக்கும் துணிப்பையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், வாஷர்கள் போட்ட பழைய மாத்திரை டப்பா. எங்கள் ஹவுஸ் ஓனர்தான் இவர். தான் கட்டிய வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கிற மனிதரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஏதோ தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் மனைவியும். மாடியில் எதிரெதிராக இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நான், மற்றதில் ஒரு நர்ஸம்மா. சமையலறை ஷெல்ஃப் எட்டவில்லை என்று நர்ஸம்மா ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் பேச்சுவாக்கில். மறுநாள் ஷெல்ஃப் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

"நல்ல குடித்தனக்காரங்க கிடைக்கிறது குதிரைக்கொம்பு சார்," என்பார். "கிடைச்சா கண்ணுல வெச்சுக் காப்பாத்தணும். குழாய் ஒழுகுறதுல ஆரம்பிக்கும். ஒரு நாள் சாமானைக் கட்டிட்டுக் கிளம்பிடுவாங்க."

இப்படி ஒரு ஓனர் உண்டா என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

தவறிக் கீழே வந்த தபாலை வாங்க ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா சமையலறையில் இருந்தார். குழாயில் ஒரு கந்தல் துணி கட்டியிருந்தது. துணியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தரையில் ஈரச் சாக்கு. தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் ஷெல்ஃப், அதன் கீழே ஒரு ஆடும் ஸ்டூல்.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"ஆச்சு மூணு வருஷம். எப்ப கேட்டாலும் நாளைக்குங்கறார்."

கூடத்திலிருந்து, பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "நீ எங்க காலி பண்ணிட்டுப் போயிடப் போற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. எங்கள் குழாய் சொட்டாமல் இருந்ததெல்லாம் அந்த அம்மாவின் பங்கைப் பிடுங்கித்தான்.

நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்து எதிர் போர்ஷன் காலியானது. அதே வாரம் அம்மா ஈரத்தில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஓனர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், மாவுக்கட்டுப் போட வைத்தார், திரும்பக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். "வர்றவங்க பார்த்ததுமே மயங்கணும் சார்," என்று நாலு நாள் சுவரோடு மல்லுக்கட்டினார். புதுக் குழாய் வேறு மாட்டினார். கீழே அம்மா ஒற்றைக் கையால் சமைத்தார்.

ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். சாவியோடு அம்மாதான் மாடி ஏறினார். நான் என் வாசலில் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் காட்டினார். கடைசியில் சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"நாங்க எப்பம்மா குடி வரலாம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வீடு முடிஞ்சு போச்சும்மா."

"அய்யோ, யாருக்கு?"

"கீழ் வீட்டுல ஒருத்தி இருக்கா. ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தா."

அன்று மாலையே பாய், இரண்டு பாத்திரம், மாற்றுத் துணியோடு எதிர் போர்ஷனுக்குக் குடிவந்துவிட்டார். ஸ்டவ்வை நான்தான் தூக்கிவந்து கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

"ரெண்டு நாள்ல தானா இறங்கி வருவா பாருங்க," என்றார் ஓனர். நாலாம் நாள் கீழ் வீட்டுக் குழாய் சரியானது. அதற்கு மறுநாள் ஷெல்ஃப் இறங்கியது. படியடியில் நின்று, "ஏய், எல்லாம் பண்ணியாச்சுடி, வா!" என்று கத்தினார். நான்தான் எட்டிப் பார்த்தேன். எதிர்க் கதவு அசையவில்லை.

பத்தாம் நாள், இன்று காலை, துணிப்பையோடு மேலே வந்தார். நான் கூப்பிடவில்லையே என்று வாசலுக்கு வந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. எதிர்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு விரலை நீட்டி மணியை ஒரு தடவை அடித்தார். இரண்டு படி இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது. கதவு திறக்கவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் இன்னும் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.